எந்தப் பக்கம்?

2016 ஏப்ரல் இறுதியில் ஒரு விடியற்காலை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தின் தென்பகுதியில், ஓசார்க் மலைகளின் ஒரு முகட்டில், நானும் என் நண்பரும் இருட்டில் நின்றுகொண்டிருந்தோம். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. முந்திய நாள் பெய்த மழையில் சருகுகள் ஊறி, காலடிக்குச் சத்தம் போடாமல் இருந்தன. "ஏதாவது கேட்டால் வாயால் சொல்லாதே, கையை நீட்டிக் காட்டு" என்று அவர் என் காதருகே சொன்னார். இருட்டில் நீட்டிய கையை எப்படிப் பார்ப்பீர்கள் என்று நான் கேட்பதற்கு முன்பே, தன் உள்ளங்கையை என் முன்கையின் மேல் வைத்துக்கொண்டார். அந்தக் காட்டில் அவருக்குத் தெரியாத மேடும் பள்ளமும் கிடையாது. ஆனால் ஓர் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அவருக்கு அப்போது 74 வயது. கொலம்பியா நகரில் எங்கள் எதிர்வீட்டில் மகளோடு வசித்தார். அதற்கு முன்பு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓசார்க் பகுதியின் மர அறுவை ஆலைகளில் வேலை செய்தவர். வட்ட ரம்பத்தின் அலறல் ஒரு பக்கமும் துப்பாக்கி மறுபக்கமுமாகச் சேர்ந்து அவர் காதுகளைத் தின்றுவிட்டன. வலது தோளில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுபவர்களுக்கு இடது காதுதான் குழலின் வாய்க்கு நெருக்கமாக இருக்கும். வலது காதுக்குத் தலையே ஒரு மறைப்பாக அமைந்துவிடும். அவருக்கும் அப்படியே இடது காது ஏறக்குறைய முழுவதும் போய், வலது காதில் பாதி மிஞ்சியிருந்தது. ஓர் ஒலி இரு காதுகளையும் வந்தடையும் நேரத்திலும் அளவிலும் உள்ள மிக நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டுதான் மூளை அதன் திசையைக் கணிக்கிறது. ஆகவே ஒரு காது போனவருக்கு ஒலி கேட்கும், திசை தெரியாது. செவிக்கருவி வைத்திருந்தார், ஆனால் காட்டில் அது தன் சட்டை உரசுவதையும் சருகு நொறுங்குவதையுமே பெரிதாக்கிக் காட்டுகிறது என்று சொல்லி, வண்டியிலேயே பெட்டியில் வைத்துவிட்டு வருவார்.

வசந்தகால வான்கோழி வேட்டையைப் பற்றி அறியாதவர்களுக்கு இது ஒரு சிறு குறையாகத் தோன்றலாம். உண்மையில் இந்த வேட்டை முழுவதுமே காதால் நடப்பது. வான்கோழி தரையில் மேய்ந்து திரிந்தாலும் இரவில் உயரமான மரக்கிளைகளில் போய் அடையும். நம் ஊரில் "கோழி அடைந்தாயிற்றா" என்று கேட்பார்களே, அதே அடைதல்தான். விடியும் நேரத்தில் சேவல் கிளையிலிருந்து இறங்குவதற்கு முன்பே கூவத் தொடங்கும். உருட்டிவிட்ட கூழாங்கற்கள் ஒரு மரப்பீப்பாய்க்குள் கடகடவென்று விழுவதைப் போன்ற அந்தக் கூவலைக் கேட்டு, அது எந்த முகட்டில், எந்தச் சரிவில், ஏறக்குறைய எந்த மரத்தில் இருக்கிறது என்று கணித்து, வெளிச்சம் வருவதற்குள் நூறு நூற்றைம்பது கஜத் தொலைவுக்குள் நெருங்கி, ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை அழைக்க வேண்டும். இயல்பாக நடப்பதோ இதற்கு நேர்மாறு: சேவல் நின்ற இடத்தில் நின்று கூவும், பெட்டைகள்தாம் அதைத் தேடிப் போகும். ஆகவே வேட்டைக்காரர், தன் வழக்கத்துக்கு மாறாக நடக்கும்படி ஒரு பறவையை இணங்க வைக்கிறார். அதற்கு முதலில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

மூன்று ஆண்டுகளாக அவர் வசந்தத்தில் காட்டுக்குப் போகவில்லை என்பதை அவருடைய மகள் என்னிடம் சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் குளிர்காலத்தில் ஒரு மாலை, தன் கையாலேயே செதுக்கிய பெட்டி ஒன்றை எடுத்துவந்து காட்டினார். தேவதாரு வகை மரத்தில் குடைந்த, ஒரு முழத்துக்கும் குறைவான நீண்ட பெட்டி. மேலே ஒரு திருகாணியில் அசையும் துடுப்புப் போன்ற மூடி. மூடியின் அடியில் சாக்கட்டியைத் தேய்த்து, பெட்டியின் மெல்லிய விளிம்பில் இழுத்தால், பெட்டை வான்கோழியின் "கியோக், கியோக்" என்ற குரல் பிசிறில்லாமல் வருகிறது. இழுத்துக் காட்டிவிட்டு, "கூப்பிட எனக்குத் தெரியும். பதில் எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. உன் காதை எனக்கு இரவல் தருவாயா?" என்று கேட்டார்.

நான் அதுவரை வேட்டைக்குப் போனவன் அல்லன். மிசூரியில் 1967 ஜனவரி முதல் நாளிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் துப்பாக்கி வேட்டைக்கான அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமென்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஆகவே மார்ச் மாதத்தில் அந்தப் பயிற்சியில் சேர்ந்து தேர்வெழுதினேன். பெட்டி அவருடையது, துப்பாக்கி என் கையில் என்று முடிவாயிற்று. அதை அவர் வற்புறுத்தினார். இந்தக் காட்டில் தான் சுட்டது போதும் என்றார்.

அவர் இப்படிச் சொன்னதன் எடை எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் அந்த மலைகளிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் அவருடைய சிறுவயதில் அங்கே ஏறக்குறைய வான்கோழியே கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஓசார்க் காடுகள் ஏறக்குறைய மொட்டையாக வெட்டப்பட்டன. எஞ்சிய பறவைகளை ஆண்டு முழுவதும் கட்டுப்பாடின்றிச் சுட்டுத் தின்றார்கள். 1937-இல் மிசூரி வான்கோழி வேட்டையை முற்றிலும் தடைசெய்தது. பண்ணையில் வளர்த்த பறவைகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். அவை நரிக்கும் பருந்துக்கும் குளிருக்கும் தாக்குப்பிடிக்கவில்லை, காட்டில் பிழைக்கும் வித்தையைச் சொல்லித்தரத் தாய் இல்லாத குஞ்சுகளாக அவை வளர்ந்திருந்தன. பின்னர், காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து, அவை அற்றுப்போன இடங்களில் கொண்டுபோய் விடுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். தரையில் தானியம் இறைத்து, பறவைகள் தலைகுனிந்து மேயும்போது சிறு பீரங்கிகளால் பெரிய வலையை அவற்றின் மேல் பறக்கவிட்டு மூடும் முறை, 1951-இல் தென் கரோலினாவில் முதன்முதலாக வான்கோழிக்குப் பலித்தது. 1954-இல் மிசூரியும் பிடித்து இடம்மாற்றத் தொடங்கியது.

1960-இல் மூன்றே நாள்களுக்கு, 14 கவுண்டிகளில் (மாவட்டங்களில்) மட்டும், வசந்தகால வேட்டையைத் திறந்தார்கள். மாநிலம் முழுவதும் 94 பறவைகள் கிடைத்தன. அந்த ஆண்டு என் நண்பருக்குப் பதினெட்டு வயது. தந்தை சொல்லிக் கேட்ட பறவையாகவே வான்கோழி அவருக்கு அப்போதும் இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஆலைக்கு மரம் பார்க்கப் போன ஒரு விடியலில்தான் அந்தக் கூவலை முதன்முதலாகக் கேட்டாராம். தந்தையிடம் ஓடிவந்து சொன்னபோது, கிழவர் மறுநாள் தானும் வந்து, அதே இடத்தில் நின்று, கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினாராம். 2004-இல் மிசூரியின் வசந்தகால வேட்டையில் மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சேவல்கள் கிடைத்தன. ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து அந்த எண்ணிக்கை வரையிலான பாதை முழுவதையும் தன் காதால் கேட்டவர் அவர். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் குஞ்சுகள் பிழைப்பது குறைந்து, பல இடங்களில் பறவைகளும் குறைந்துபோயின. "காடு ஓய்ந்துவிட்டதா, என் காது ஓய்ந்துவிட்டதா என்று எனக்குச் சொல்ல ஆளில்லை" என்று அவர் ஒருமுறை சொன்னார்.

முதல் நாள் தோல்வி. அதற்கு நானே காரணம். நான் கை காட்டிய திசையில் நடந்தோம்; அரை மணி நேரம் கழித்துத்தான் அது எதிர்ச்சரிவில் மோதித் திரும்பிய எதிரொலி என்று தெரிந்தது. மலைப்பள்ளங்களில் ஒலி நேராக வருவதில்லை, ஒருமுறை கேட்டதும் கை நீட்டாமல் தலையைச் சற்றுத் திருப்பி இரண்டாம் முறையும் கேள் என்று அவர் பொறுமையாகக் கற்றுத்தந்தார். பிறகு எட்டு மணிக்கு மேல் ஒரு சேவல் அழைப்புக்கு இணங்கி அறுபது கஜம் வரை வந்தது. அந்த நேரம் பார்த்து என் கழுத்தில் ஓர் உண்ணி ஊர்ந்தது, விரல் தானாக எழுந்தது. சேவலிடமிருந்து "பட்" என்று ஒரே ஒரு கூரிய எச்சரிக்கை ஒலி. பறவை இருந்த இடத்தில் வெறும் புதர் நின்றது. வான்கோழிக்கு மோப்ப சக்தி மிகக் குறைவு. ஆனால் பக்கவாட்டில் அமைந்த அதன் கண்கள் தலையைத் திருப்பாமலே முக்கால் வட்டத்துக்குப் பார்க்கும், நிறங்களையும் துல்லியமாக அறியும். அன்று இரவு, அவருடைய தம்பியின் மரக்குடிலில், விளக்கு வெளிச்சத்தில் அவர் இடுக்கியால் உண்ணிகளைப் பிடுங்கிக்கொண்டே, என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லாமல், தான் 1970களில் கெடுத்துக்கொண்ட வேட்டைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

இரண்டாம் நாள்தான் நான் தொடக்கத்தில் சொன்ன விடியற்காலை. மார்க் ட்வெய்ன் தேசியக் காடு ஏறக்குறைய பதினைந்து லட்சம் ஏக்கர், யாரும் நுழையலாம். அதில் வண்டிப்பாதையிலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்தோம். கிளம்பும்போது என் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வண்டியில் போட்டிருந்தார். சேவலின் தலையில் உள்ள நிறங்கள் சிவப்பு, வெள்ளை, நீலம். புதரில் அந்த நிறங்களைக் கண்டால் வேறொரு வேட்டைக்காரர் தவறாகச் சுட்டுவிடக்கூடும் என்பதால் அவற்றை உடம்பில் எங்கும் வைத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் கேட்டது விப்-புவர்-வில் என்னும் பக்கிப் பறவை. தன் பெயரையே ஓயாமல் சொல்லிக்கொண்டு, தெற்கே, பள்ளத்தின் விளிம்பில். என் கையைத் தாழ்த்தித் தெற்கே நீட்டினேன். அவர் உள்ளங்கை அதைத் தொடர்ந்து வந்தது. பிறகு மேற்கே ஒரு பட்டை ஆந்தை. அதன் கூக்குரலைக் கேட்டால் கிளையில் இருக்கும் வான்கோழிச் சேவல் தன்னை அறியாமல் பதிலுக்குக் கூவிவிடும் என்பதால், வேட்டைக்காரர்களே ஆந்தையைப் போலக் கத்திப் பார்ப்பதும் உண்டு. அன்று உண்மையான ஆந்தையே அந்த வேலையைச் செய்தது. ஐந்தே முக்கால் மணி வாக்கில், ஆந்தை ஓய்ந்த அதே நொடியில், வடகிழக்கே, எங்களுக்குக் கீழே, அந்தக் கடகடப்பு. நான் கை நீட்டவில்லை. தலையைத் திருப்பிக் காத்திருந்தேன். இரண்டாம் முறை கேட்டது. மூன்றாம் முறை கேட்டபோது, அதற்கும் வலப்புறம் வெகுதொலைவில் இன்னொரு சேவல் மறுமொழி சொன்னது. அப்போதுதான் கையை உயர்த்தினேன். என் கை நீண்ட திசையில் அவர் முகம் திரும்பியது. "ஒன்றா?" என்று விரலால் கேட்டார். இரண்டு என்று அவர் உள்ளங்கையில் இரு முறை தட்டினேன். அவருடைய மூச்சு ஒரு கணம் நின்று மீண்டும் வந்ததை நான் உணர்ந்தேன்.

நடந்தோம். ஒரு பெரிய வெள்ளை ஓக் மரத்தடியில், தோள்களைவிட அகலமான அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, நான் கிழக்கு நோக்கியும் அவர் என் இடப்புறமும் அமர்ந்தோம். இருபது காலடி தூரத்தில் நுரையால் செய்த ஒரு பெட்டைப் பொம்மையை அவர் நட்டுவைத்தார். ஒரு பறவையைக் காட்டி இன்னொன்றை வரவழைப்பதற்குத் தமிழில் "பார்வை" என்ற பழஞ்சொல் இருப்பதை அவரிடம் முந்திய இரவு சொல்லியிருந்தேன். அந்தச் சொல் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. முப்பத்தைந்து காலடியில் பூத்து நின்ற ஒரு டாக்வுட் மரத்தைக் காட்டி, அதற்கு அப்பால் இருக்கும் எதையும் சுடாதே என்று சைகை செய்தார். தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் ரவை அடர்த்தியாக விழுந்தால் பறவை அந்த நொடியே சாகும். தொலைவு கூடினால் ரவை சிதறி, காயத்தோடு போய் எங்கோ கிடந்து சாகும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் குரல் எப்போதும் கடுமையாக இருக்கும்.

சேவல் இறங்கியது. சிறகடிப்பு எனக்குத் தெளிவாகக் கேட்டது. பின்னர் அதனோடு பெட்டைகளும் இருப்பது தெரிந்தது. அவற்றின் குரல்கள் கீழே கேட்டு, மெல்ல மெல்ல விலகி, பள்ளத்துக்குள் போய்விட்டன. அவர் பெட்டியை இரண்டு முறை இழுத்துவிட்டு மடியில் வைத்துவிட்டார். ஆறேகாலுக்கு வெயில் மரநுனிகளில் விழுந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. அன்றைய விதிப்படி வேட்டை பகல் ஒரு மணியோடு முடிந்துவிடும். எழுந்து வேறிடம் போகலாமா என்று நான் கண்ணால் கேட்டேன். அவர் அசையவில்லை. முட்டையிடும் பருவத்தில் பெட்டைகள் காலை நடுவில் ஒவ்வொன்றாகச் சேவலை விட்டுக் கூட்டுக்குப் போய்விடும், அப்போது தனித்துவிடப்பட்ட சேவல், விடியலில் கேட்ட குரலை நினைவு வைத்துக்கொண்டு தேடிவரும் என்பது அவருடைய அனுபவம். ஒன்பதரைக்குப் பெட்டியை மென்மையாக மூன்று முறை இழுத்தார். வெகுதொலைவில், பள்ளத்தின் மறுகரையில், ஒரே ஒரு கூவல். நான் முழங்காலிலிருந்து ஒரு விரலை மட்டும் நீட்டினேன். அவர் பெட்டியைச் சத்தமின்றி மூடி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூட அழைக்கவில்லை, அதுவும் கூவவில்லை.

ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் நான் கேட்காத ஒலியில்லை. மரங்கொத்தி, கார்டினல் என்னும் சிவப்புக் குருவி, தொலைவில் ஒரு லாரி, குடைபோல் விரிந்த மேஆப்பிள் இலைகளில் சொட்டிய நீர் எல்லாம் கேட்டன. வான்கோழி மட்டும் இல்லை. போய்விட்டது என்று நான் உறுதியாக நினைத்துவிட்டேன். அந்த நேரத்தில் அவர் கை என் முழங்கை மேல் விழுந்து இறுகியது. உதடு அசையாமல், "வந்துவிட்டது. மிக அருகில்" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் மிக மெதுவாகத் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியாது.

சேவல் கூவாமல் வரும்போதும் முற்றிலும் மௌனமாக வருவதில்லை. தோகையை விரித்து உலாவும்போது முதலில் எச்சில் துப்புவதைப் போன்ற ஒரு சிறிய கூரிய ஒலியும், தொடர்ந்து மிகத் தாழ்ந்த ஓர் உறுமலும் அதன் உடலுக்குள்ளிருந்து எழும். உறுமி மேளத்தில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது ஓர் அடிவயிற்று முனகல் வருமே, அதை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் அந்த ஒலி. ரம்பமும் துப்பாக்கியும் மனிதக் காதில் முதலில் அழிப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனைத்தான். தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் மிஞ்சிவிடும். தொலைவிலிருந்து வரும் கூவலையும் இலையின் சலசலப்பையும் பறவைகளின் கீச்சொலியையும் இழந்துவிட்ட அந்த மனிதருக்கு, இரு காதும் நன்றாக உள்ள நான் கேட்கத் தெரியாமல் விட்ட அந்த ஒன்று கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது என்று சொல்வதைவிட நெஞ்செலும்பில் பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு ஒரு காய்ந்த சருகு மிதிபட்டது. வலப்புறம்.

வலது தோளில் துப்பாக்கி வைத்தவனுக்கு இடப்புறம் திரும்புவது எளிது. வலப்புறம் திரும்ப உடம்பே நகர வேண்டும். ஓரக்கண்ணில் அது தெரிந்தது. மயிலைப் பார்த்துத் தானும் ஆடிப்பார்த்த பறவை என்றே பள்ளிக்கூடத்து வெண்பா எனக்கு வான்கோழியைச் சொல்லித்தந்திருந்தது. காட்டில், காலை வெயிலில், தன் இணைக்காக அது ஆடுவதைப் பார்த்தவன் யாரும் அப்படிச் சொல்லமாட்டான். வாலிறகு முழு விசிறியாக நிமிர்ந்திருந்தது. மார்பு ஊதிப் பெருத்து, வெயில் படும் பக்கத்தில் செம்பாகவும் படாத பக்கத்தில் கரும்பச்சையாகவும் மாறி மாறி மின்னியது. இறக்கை நுனிகள் சருகின் மேல் உரசி இழுபட்டன. நெற்றி வெண்மையாகவும், கன்னம் நீலமாகவும், தாடைச்சதை இரத்தச் சிவப்பாகவும் இருந்தன. மூன்று அடி எடுத்துவைக்கும், நிற்கும், அந்த உறுமல் என் எலும்பில் படும். பொம்மைப் பெட்டையை நோக்கி அது போய்க்கொண்டிருந்தது.

அதன் வழியில் ஒரு தடித்த பைன் மரம் நின்றது. தலை அடிமரத்தின் பின்னால் மறைந்த அந்த இரண்டு நொடிகளில் நான் உடம்பைத் திருப்பிக்கொண்டேன். அது வெளியே வந்தபோது இருபத்தைந்து காலடியில், கழுத்தை உள்ளிழுத்து விரிந்தபடியே இருந்தது. அந்த நிலையில் சுடக் கூடாது. என் தலையின் அசைவு நின்றுவிட்டதை வைத்தே நிலைமையை அறிந்த அவர், நாக்கால் ஒரே ஒரு முறை, பெட்டையைப் போல, "க்ளக்" என்றார். சேவல் விசிறியை மடக்கிக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்த்தது. சுட்டேன்.

சில நொடிகள் இறக்கைகள் சருகை அறைந்தன. பிறகு அதுவும் நின்றது. துப்பாக்கியின் பாதுகாப்புப் பொத்தானை இட்டுவிட்டு நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மகிழ்ச்சி இருந்தது, அதற்கு அடியில், கனமான வேறொன்றும் இருந்தது. இரண்டையும் மறைக்க நான் முயலவில்லை, அவரும் முயலவில்லை. மெதுவாக எழுந்து வந்து, தொப்பியைக் கழற்றி, மண்டியிட்டு, பறவையின் மார்பில் கையை வைத்து, சூடு குறைகிற வரையில் எடுக்காமல் இருந்தார். கால் முள்ளை விரலால் அளந்தார். ஒன்றேகால் அங்குலம், நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. மூன்று வயதுக்குக் குறையாது என்றார். மார்பிலிருந்து தொங்கும், இறகின் ஒரு வகையேயான தாடி பத்து அங்குலம். அனுமதிச் சீட்டை வெட்டிக் குறித்துக் காலில் கட்டினேன். அன்றிரவு பத்து மணிக்குள் அரசுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டியதும் என் பொறுப்பு. ஒன்பது கிலோவுக்கும் மேற்பட்ட அந்தப் பறவையைத் தோளில் போட்டு ஒரு மைல் நடந்தேன். மார்புக் கறியை அவர் மகள் சமைத்தார். இரும்புபோல் இறுகிய தொடைகளை நான் மிளகு தட்டிப்போட்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவைத்துக் குழம்பு வைத்தேன்.

திரும்பும் வழியில் காட்டுப்பாதை முடிந்து தார்ச்சாலை வந்ததும், அவர் செவிக்கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முதலிலிருந்து சொல். நாம் முகட்டில் நிற்கிறோம். முதலில் எது கேட்டது?" என்றார். விப்-புவர்-வில் என்றேன். "எந்தப் பக்கம்?" தெற்கே, பள்ளத்தின் விளிம்பில். "அங்கே ஒரு பழைய வேலி இருந்தது, அதன் பக்கத்தில்தான் அது எப்போதும் இருக்கும்" என்றார். "அடுத்து?" ஆந்தை, மேற்கே. அடுத்து? நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கண்ணை மூடி, ஒவ்வோர் ஒலிக்கும் தன் மடியில் கையை அந்தந்தத் திசைக்குத் திருப்பி வைத்துக்கொண்டே வந்தார். வடகிழக்குச் சேவலுக்கு வந்தபோது, எத்தனை முறை கூவியது என்று கேட்டார். ஆந்தைக்கு ஒன்று, பிறகு இரண்டு என்றேன்.

"அந்த மற்றொரு சேவல்?"

"அதற்கும் வலப்புறம். மிகத் தொலைவில். ஆற்றுப் பக்கமாக இருக்க வேண்டும்."

அவர் கை மடியில் இன்னும் சற்று வலப்புறம் நகர்ந்து, அங்கேயே நின்றது. "நாளை அதைப் பார்ப்போம்" என்றார்.